கேளுங்கள், சொல்கிறேன்: கறுப்புத் திரையா, வெள்ளைத் திரையா?

போன இதழில், 'போனில் படிக்கும்போது கண் நோகிறதா? எழுதுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டார்க் மோடைப் பற்றித்தான், அதாவது திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாகக் காட்டுகிற வசதியைப் பற்றி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து உடன்குடி வரைக்கும் வீட்டுக்கு வீடு இந்த வழக்கு நடக்கிறது போலிருக்கிறது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கண் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கல்லூரி ஆண்டு மலர் வரைக்கும் தமிழ் எழுத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. இப்போது வெப்சைட்டும் செய்து கொடுக்கிறோம். எழுத்தையும் திரையையும் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். கண்ணில் வலி, சிவப்பு, திடீர் மங்கல் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரன் என் டேப்பில் டார்க் மோடு போட்டுக் கொடுத்துவிட்டான். 'தாத்தா, இதுதான் கண்ணுக்கு நல்லது' என்கிறான். காலையில் தார்சாவில் உட்கார்ந்து செய்தி படித்தால் எழுத்தைச் சுற்றி ஒரு மினுக்கம் தெரிகிறது. இரண்டு வரிகள் சேர்ந்தாற்போல் இருக்கிறது. வெள்ளையாக மாற்றினால் அவன் கோபித்துக்கொள்கிறான். யார் சொல்வது சரி?
*– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 70, கல்லிடைக்குறிச்சி*

ஐயா, உங்கள் கண் சொல்வதுதான் சரி. நான் சொன்னதாகவே பேரனிடம் சொல்லி, வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள்.

அவனுக்குக் காரணம் வேண்டுமே, அதையும் சொல்கிறேன். வெளிச்சமான திரையைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்கும். கறுப்புத் திரையைப் பார்த்தால் விரியும். பாவை சுருங்கியிருக்கும்போது விழித்திரையில் எழுத்து கூர்மையாக விழும். விரிந்துவிட்டால் கண்ணில் இருக்கிற சின்னச் சின்னக் குறையெல்லாம் எட்டிப் பார்க்கும். ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தார் இதை வருஷக்கணக்கில் சோதித்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் இளவட்டங்களையும் வயதானவர்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, பார்வைக் கூர்மையையும் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற திறனையும் பார்த்தார்கள். இரண்டு தரப்புமே வெள்ளையில் கறுப்பு எழுத்து இருந்தபோதுதான் நன்றாகச் செய்தது. அதற்கு அடுத்த வருஷம் வந்த ஆய்வில், எழுத்து சிறிதாகச் சிறிதாக இந்த வித்தியாசம் கூடுகிறது என்றும் தெரிந்தது. பிழை திருத்துவது என் தொழில் என்பதால் இந்த ஆய்வுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்த மினுக்கத்துக்கு வருவோம். உங்கள் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'சிலிண்டர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எண் எழுதியிருந்தால், கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட கண்ணுக்குக் கறுப்பில் இருக்கும் வெள்ளை எழுத்து ஓரம் கரைந்து பரவும். கண்ணாடி பழையதாகிப் பவர் மாறியிருந்தால் இன்னும் கூடுதலாகப் பரவும்.

தமிழுக்கு இதில் பாடு அதிகம். நம் எழுத்தில் சுழி நிறைய. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அடியில் பொடி எழுத்தில் வருமே, உற்றார் உறவினர் பெயர் வரிசை, அதை மட்டும் இரண்டு விதமாகவும் திரையில் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பின்னணியில் 'அண்ணன்' என்ற சொல்லில் மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று எண்ணிச் சொல்லலாம். கறுப்பில் மாற்றினதும் 'ண்ண' இரண்டும் சுழிக்குள்ளிருந்த இடைவெளி அடைத்துப்போய் ஒரே வெள்ளைத் திட்டாக நின்றது. மேல் வரியில் 'கு', 'ரு' இவற்றின் வால் தொங்குகிறது, கீழ் வரியில் 'ல்', 'ர்' இவற்றின் புள்ளி நிற்கிறது. இரண்டும் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 'இரண்டு வரிகள் சேர்ந்தாற்போல்' என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். அதே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம் விட்டதும் கறுப்பிலும் பாதிக்குமேல் சரியாகிவிட்டது.

ஆகவே வெள்ளையாக்கினால் மட்டும் போதாது, எழுத்தையும் பெரிதாக்குங்கள். அப்புறம் பிரைட்னஸ். ஒரு வெள்ளைத் தாளை டேப்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை ஜொலித்தால் குறையுங்கள், தாளைவிட மங்கினால் கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிகிற இடம்தான் உங்கள் தார்சாவுக்கான அளவு. வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். ராத்திரி படுக்குமுன் படிக்கும்போது பேரன் சொல்கிறபடி கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். அவன் மனசும் நோகாது.

டார்க் மோடு போட்டால் சார்ஜ் நிற்கும் என்கிறார்களே, நிஜமா?
*– லோடு ஆட்டோ ஓட்டுநர், வள்ளியூர்*

போனைப் பொறுத்தது, தம்பி. ஓஎல்இடி, அமோலெட் என்று விற்கிற திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் மிச்சம் உண்டு. எல்சிடி திரையில் பின்னாலிருக்கும் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதில் கறுப்பாக்கினாலும் சார்ஜில் பெரிய மாற்றம் இராது.

அமோலெட்டிலும் எவ்வளவு மிச்சம்? அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து சொன்னது: பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது மிச்சம் வெறும் 3 முதல் 9 சதவீதம். முழு பிரைட்னஸில் 39 முதல் 47 சதவீதம். கைக்கு வந்த கணக்கு இதுதான். முழு பிரைட்னஸ் எப்போது வைப்போம்? வெயிலில். ஆனால் வெயிலில் கறுப்புத் திரை உதவாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டுக்குள் அது சில நூறு லக்ஸ் இருந்தால், நேர் வெயிலில் 1 லட்சம் வரை போகும். பணகுடி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டெலிவரி முகவரியைப் பார்த்தால், கறுப்புத் திரையில் உங்கள் முகமும் பின்னால் நிற்கிற காற்றாடியும்தான் தெரியும். பகலில் வண்டியில் வெள்ளையாக வையுங்கள். சார்ஜுக்குக் காரில் போடுகிற சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். ஹாஸ்டலில் பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிடுவார்கள். போர்வைக்குள் போனில் பிடிஎஃப் படிப்பேன். வெள்ளையாக இருந்தால் கண் கூசுகிறது. கறுப்பாக்கினால் கூசவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் கண் எரிந்து தண்ணீராக வருகிறது. தூக்கமும் சரியாக இல்லை.
*– மாணவி, பெருமாள்புரம்*

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் மாதிரி எத்தனை பிள்ளைகள் பாளையங்கோட்டை ஹாஸ்டல்களில் இப்படிப் படிக்கிறார்கள் என்று நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இருட்டில் கறுப்புத் திரை கூசாமல் இருப்பது உண்மைதான். சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் பாளம் என்றால் எந்தக் கண்ணும் கூசும். அந்த நேரத்துக்கு டார்க் மோடு நல்ல துணை. ஆனால் கண் எரிவதற்கும் நிறத்துக்கும் சம்பந்தம் குறைவு. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது 5, 7 என்று இறங்கிவிடுகிறது. கண்ணின் மேல் இருக்கும் ஈரம் காய்கிறது. காய்ந்ததும் எரிச்சல், எரிச்சலுக்குக் கண்ணீர். கறுப்பானாலும் வெள்ளையானாலும் சிமிட்டாமல் பார்த்தால் இதுதான் நடக்கும். போர்வைக்குள் போன் முகத்துக்கு மிக அருகில் வேறு இருக்கும். கிட்டத்தில் குவிக்கிற கண் தசைக்கு அது இன்னொரு பாரம்.

அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் 20-20-20 என்று ஒரு வழக்கத்தைச் சொல்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருக்கிற ஒன்றை 20 விநாடி பார்ப்பது. போர்வைக்குள் 20 அடி தூரம் கிடையாது. அதனால் வெளியே வந்துவிடு. கையடக்கமான சின்ன மேசை விளக்கு ஒன்றைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தால், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் தொந்தரவு இராது. சுற்றி மெலிதாக வெளிச்சம் இருந்தாலே கூச்சம் பாதியாகிவிடும். வார்டன் அம்மாவிடம் அனுமதி கேட்கத் தயங்காதே. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பிடிஎஃபுக்கு ஒரு விஷயம். ஸ்கேன் செய்த பழைய பாடப்புத்தகப் பிடிஎஃபைத் தலைகீழாக நிறம் மாற்றினால் தாளின் அழுக்கும் மறுபக்க எழுத்தின் நிழலும் சேர்ந்து வெள்ளைப் பொரிப்பொரியாக வரும். அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஸ்கேன் பக்கங்களைப் பகலில் வெள்ளையிலேயே படித்துவிடு. ராத்திரிக்கு நீ டைப் செய்து வைத்த குறிப்புகள் போதும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை மங்கலான கறுப்புத் திரை ஓரளவு பரவாயில்லை, ஏனென்றால் கண்ணுக்குள் போகிற மொத்த வெளிச்சம் குறைவு. ராத்திரி வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் உடம்பில் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஆனாலும் நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்துகொண்டே தூங்கப் போனால் மூளை எந்த நிறத்திலும் தூங்காது. படுக்குமுன் கொஞ்ச நேரம் போனைக் கீழே வை, கண்ணு.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். அதுவரை போனில் ஜெபப் பாடல் வரிகளும் பேரப்பிள்ளைகள் அனுப்புகிற மெசேஜும் படிக்க ஆசைப்படுகிறார்கள். 'வெள்ளைப் பக்கத்தைத் திறந்தா பனி மூடுன மாதிரி இருக்குளா' என்கிறார்கள். டார்க் மோடு கெடுதல் என்று படித்தேன். போடலாமா?
*– திசையன்விளை வாசகி*

தாராளமாகப் போடுங்கள் அக்கா, இன்றைக்கே. கல்லிடைக்குறிச்சி ஐயாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குக் கண் வேறு.

புரை என்றால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் கலங்கிப்போவது. கலங்கின லென்ஸில் வெளிச்சம் பட்டால் நாலா பக்கமும் சிதறும். வெள்ளைப் பக்கம் முழுவதும் வெளிச்சம்தானே, அது சிதறி எழுத்தின் மேலேயே விழுந்து மூடிவிடுகிறது. உங்கள் அம்மா சொன்ன 'பனி' அதுதான். டாக்டர் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தைக் கறுப்பாக்கினால் சிதறுவதற்கு வெளிச்சம் குறைவு, எழுத்து தனியாகத் தெரியும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெக்கி குழுவினர் 1985-லேயே, கண்ணுக்குள் கலங்கல் உள்ளவர்கள் கறுப்பில் வெள்ளை எழுத்தை வேகமாகப் படிக்கிறார்கள் என்று காட்டினார்கள். டார்க் மோடு கெடுதல் என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்தக் கண்களை நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம்.

எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'அக்சஸிபிலிட்டி' என்று ஒரு பகுதி உண்டு. எழுத்து அளவு, நிறத்தைத் தலைகீழாக்குவது, திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. படங்கள் நெகட்டிவ் மாதிரி தெரிந்தால் 'இன்வர்ஷன்' போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு 'டார்க் தீம்' மட்டும் போடுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் பாருங்கள். மஞ்சளடித்த பழைய லென்ஸ் போய்ப் புதுசு வந்ததும் வெள்ளை பளிச்சென்றும் நீலம் தூக்கலாகவும் தெரியும். அப்போது வெள்ளைப் பக்கமே வசதியாகிவிடலாம். அம்மாவையே கேட்டு வையுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் வந்ததிலிருந்து நம் பக்கத்தில் புரை ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியும் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், தைரியமாக இருப்பார்கள்.

ஆதியில் எது இருந்தது, கறுப்பில் வெள்ளையா, வெள்ளையில் கறுப்பா? எது இயற்கை?
*– கல்லூரி மாணவர், ஸ்ரீவைகுண்டம்*

இயற்கை என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது தம்பி. இரண்டுமே நம் கையில் இருந்திருக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மேலே மை தடவித் துடைப்பார்கள். கீறலில் மை நின்று, வெளிறின ஓலையில் கறுப்பாக எழுத்து தெரியும். பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் கரும்பலகையும் இதற்கு நேர்மாறு. ஒன்றைக் கவனி: சிலேட்டில் எழுதினதெல்லாம் பெரிய எழுத்து, நாலு வரி. பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதை ஓலையிலும் தாளிலும்தான் வைத்தார்கள்.

கம்ப்யூட்டரிலும் முதலில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துத்தான். அந்தக் காலக் குழாய்த் திரையில் எழுத்தை மட்டும் எரியவைப்பது சுலபம். தாளைப் போல வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தை 1973-இல் ஜெராக்ஸ் ஆல்டோ காட்டியது, 1984-இல் மெக்கின்டாஷ் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 2018, 2019-இல் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தன. உன் வயசுப் பிள்ளைகளுக்கு அது புதுசாகத் தெரிகிறது.

கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆன்லைனில் விற்க வெப்சைட் போடுகிறோம். முழுக் கறுப்பில் தங்க நிற எழுத்து வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். 'ரிச்சா இருக்கும்பா' என்கிறான். வீட்டில் அவன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு முடிவு சொல்லுங்கள்.
*– கருப்பட்டி வியாபாரி, உடன்குடி*

அண்ணாச்சி, வாங்குகிறது யார் என்று முதலில் பார்ப்போம். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள். அதிலும் 'அந்த உடன்குடிக் கருப்பட்டியைச் சொல்லி விடுலா' என்று பிள்ளைகளிடம் கேட்கிற அம்மாக்கள். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்த கண்கள். விலை, எடை, எத்தனை நாளில் வந்து சேரும் என்ற மூன்றும் கண்ணாடியைத் தேடாமல் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, உங்கள் சரக்கு. கருப்பட்டியே கறுப்பு. கறுப்புப் பக்கத்தில் அதன் படத்தை வைத்தால் ஓரம் தெரியாமல் அமுங்கிப்போகும். கருப்பட்டியை நிறம் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? உடைத்த இடத்தில் தெரிகிற அந்தச் செம்பழுப்பு, மேலே ஒட்டியிருக்கிற ஓலைத் தடம், சில்லுக்கருப்பட்டியின் சின்ன வட்டம், இதெல்லாம் வெளிறின பின்னணியில்தான் எடுபடும். ஓலைக் கொட்டான் நிறத்தில், வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு பின்னணி வைத்து, அடர்பழுப்பில் எழுத்துப் போடச் சொல்லுங்கள். வீட்டு அம்மாவுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மகனுடைய தங்க நிறத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2008-லேயே ஒரு அளவு சொல்லியிருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. முழுக் கறுப்பில் முழு வெள்ளை 21-க்கு 1. தங்க நிறம் கறுப்பின் மேல் ஏறக்குறைய 15-க்கு 1 வரும், நன்றாகவே தேறிவிடும். அதே தங்க நிறம் வெள்ளையின் மேல் 1.4-தான், எழுத்து இருப்பதே தெரியாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பின்னணியை மட்டும் வெளுப்பாக்கிவிட்டு எழுத்தை மாற்றாமல் விட்டால் தங்க எழுத்து அப்படியே கரைந்துவிடும். ஆகவே இரண்டு கோலத்துக்கும் இரண்டு நிறப் பட்டியல் வேண்டும். வெளுப்பில் அடர்பழுப்பு, கறுப்பில் தங்கம். ஒன்றைத் தலைகீழாக்கி இன்னொன்றை வரவழைக்கிற வேலை வேண்டாம்.

கறுப்புக் கோலம் செய்யும்போது முழுக் கறுப்பு வைக்க வேண்டாம் என்று வெப்சைட் செய்கிற தம்பியிடம் சொல்லுங்கள். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியே 121212 என்ற எண்ணுள்ள அடர்சாம்பலைத்தான் சொல்கிறது. எழுத்தும் முழு வெள்ளை வேண்டாம், கொஞ்சம் அடங்கின வெள்ளை போதும். அப்போதுதான் எழுத்து பரவாது. தமிழுக்குக் கறுப்பில் போல்டு வேண்டாம், சுழி அடைக்கும். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம், புள்ளி காணாமல் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ரெகுலர் தடிமனை எடுத்து, இங்கிலீஷுக்கு வைக்கிற அளவைவிட ஒரு படி பெரிதாக, வரி இடைவெளியைத் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே வாலும் இருப்பதால் இங்கிலீஷுக்குப் போதுகிற இடைவெளி நமக்குப் போதாது. டெம்ப்ளேட்டை இங்கிலீஷில் வாங்கி, தமிழை அதற்குள் அப்படியே கொட்டுகிற தளங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம் எழுத்துக்கு அந்த நாலு பிக்சல் இடத்தைக் கொடுக்க எவ்வளவு நேரமாகிவிடும்?

முடிவு கேட்டீர்கள். வெப்சைட்டின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ் மொழியில் 'பிரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்' என்று ஒரு வசதி இருக்கிறது. வருகிறவர் போனில் கறுப்பு வைத்திருந்தால் தளமும் கறுப்பாகும், வெளுப்பு வைத்திருந்தால் வெளுப்பாகும். அதைப் போடுங்கள். மூலையில் சூரியன், நிலா படம் போட்ட ஒரு பொத்தானும் வையுங்கள், வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். மகனுக்குத் தங்கமும் ஆச்சு, அம்மாவுக்கு வெளுப்பும் ஆச்சு. ஆனால் எந்த அமைப்பும் தெரியாத போனில் முதலில் வருவது வெளுப்பாகவே இருக்கட்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அண்ணாச்சி.

மூன்றாம் வகுப்புப் பையன். டார்க் மோடு போட்டால் கண்ணாடி வராது என்று யாரோ சொன்னார்கள். நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடியும் வாங்கச் சொல்கிறார்கள்.
*– சுரண்டை வாசகி*

கண்ணாடிக் காசை மிச்சப்படுத்துங்கள். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், நீல வெளிச்சம் தடுக்கிற கண்ணாடியால் கண் அசதி குறைவதாகத் தெரியவில்லை.

டார்க் மோடு பற்றிச் சொன்னவர் 2018-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் நடந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருக்கலாம். வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படித்தபோது விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் சற்று மெலிந்தது, கறுப்பில் வெள்ளையைப் படித்தபோது சற்றுத் தடித்தது என்று அளந்தார்கள். கிட்டப்பார்வையோடு சம்பந்தப்பட்ட படலம் அது. ஆனால் சோதித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேரை. அதை வைத்துப் பிள்ளைக்குக் கண்ணாடி வராது என்று யாரும் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதற்குத்தான் பல நாட்டு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது. சாயங்காலம் போனை வாங்கி வைத்துவிட்டுத் தெருவில் ஓட விடுங்கள். வருஷம் ஒருமுறை கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

தொடர்கதை படிக்கிற ஒரு தளம் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது. போனில் வெள்ளை வைத்தாலும் மாறவில்லை. எழுத்தோ வெளிறின சாம்பல். பகலில் படிக்க முடியவில்லை. வழி உண்டா?
*– அம்பாசமுத்திரம் வாசகி*

உண்டு அக்கா. 'ரீடர்' என்கிற வசதியைத் தேடுங்கள். ஐபோனில் சஃபாரியின் முகவரிப் பட்டையில் அதற்கான பொத்தான் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் தாள் மாதிரி ஒரு சின்னப் படம் வரும். அதைத் தொட்டால் விளம்பரம், பின்னணி எல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று நிறமும் மாற்றலாம், எழுத்தும் பெரிதாகும். பழுப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது, நாள்பட்ட தாள் மாதிரி இருக்கும், மதியம் படிக்கச் சுகம். குரோமில் படிக்கிறீர்கள் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸில் 'தீம்' என்ற இடத்தில் எது இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாத் தளத்திலும் ரீடர் வராது. சில தளங்கள் காப்பி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து அதைத் தடுத்து வைத்திருக்கும். அப்படியானால் அந்தத் தளத்துக்காரருக்கே ஒரு வரி எழுதுங்கள்: 'பகலில் படிக்க முடியவில்லை, வெளுப்பு நிறமும் வையுங்கள், எழுத்தைக் கறுப்பாக்குங்கள்.' வாசகிகள் எழுதினால் மாற்றுகிறார்கள். செய்து கொடுக்கிற இடத்தில் இருப்பதால் எனக்கு அது தெரியும். எழுதத் தயக்கமாக இருந்தால் தளத்தின் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.